அரை ஏக்கரில் எந்தப் புல் போடலாம்? நஞ்சுக் கணக்கில் ஒரு ஒப்பீடு

மேய்ச்சல் தரை சுருங்கச் சுருங்க, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாடு வைத்திருக்கிற எல்லாரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: வீட்டோடு இருக்கிற அரை ஏக்கரில் எந்தப் புல்லைப் போடுவது? மயிலத்தமடு, மாதவனைப் பக்கத்து மேய்ச்சல் தரைப் பிரச்சினையும், 2023இல் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியில் வந்து உட்கார்ந்ததும் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை இங்கே இழுக்கவில்லை. பெரும்போகம் விதைத்துவிட்டால் வயலுக்குள் மாடு விட முடியாது, காட்டுப் பக்கம் கொண்டுபோனால் யானை, கட்டிவைத்தால் தீனி வேண்டும். அதனால் வெட்டிப் போடுகிற புல் என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

புல்லை ஒப்பிடுகிறவர்கள் வழமையாக விளைச்சலையும் புரதத்தையும்தான் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. ஒரு புல்லுக்கும் இன்னொரு புல்லுக்கும் இடையில் பாலில் வருகிற வித்தியாசம் ஒன்றிரண்டு லீற்றர். தவறான நாளில் தவறான புல்லை வெட்டிப் போட்டால் போவது மாடு, கறவை மாட்டின் விலை இன்றைக்கு இலட்சங்களில். அந்தத் தவறான நாட்கள் எவை என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்: கச்சான் காற்று வீசி எல்லாம் காய்ந்து கிடந்த பிறகு முதல் மழை விழுகிற கிழமை, அப்புறம் கார்த்திகை மார்கழியில் வெயிலே முகம் காட்டாமல் அடைமழை பிடிக்கிற நாட்கள். மாடு பசியோடு நிற்பதும் அந்த நாட்களில்தான். எந்தப் புல்லைத் தெரிவுசெய்தாலும் அது இந்த இரண்டு காலத்திலும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இணையத்தில் புல் நஞ்சு என்று தேடினால் வந்து கொட்டுவது அமெரிக்காவில் பரவலாக நிற்கிற டோல் ஃபெஸ்க்யூ என்கிற புல், அதற்குள் குடியிருக்கிற பூஞ்சணம், குளம்பு அழுகுவது, வால் நுனி உதிர்வது. இல்லாவிட்டால் நியூசிலாந்தில் ரைகிராஸ் தின்று மாடு தள்ளாடுகிற கதை. எல்லாம் உண்மைதான், ஆனால் இரண்டும் குளிர்ப் பிரதேசத்துப் புல். நமது வெக்கையில் அவை நிற்காது, அந்தப் பயம் நமக்கு வேண்டாம். நமக்கு வேறு பயங்கள் இருக்கின்றன.

முதலில் இறுங்கு, தமிழ்நாட்டு விவசாயக் காணொளிகளில் தீவனச் சோளம் என்று சொல்கிறார்களே, அதுதான். விதை கிடைத்தால் போடலாம், வேகமாக வளரும், தண்ணீர் குறைவாகக் கேட்கும், மாடும் ஆசையாகத் தின்னும். இவ்வளவு நல்ல குணம் உள்ள பயிர் என்பதால்தான் இதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதன் இளம் இலையில் டூரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. இலை நசுங்கும்போது, கடிபடும்போது, வாடும்போது அது உடைந்து சயனைட் வெளிவரும். அசைபோடுகிற பிராணிகளின் முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்துவிடுவதால், குதிரையை விடவும் பன்றியை விடவும் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் ஆபத்து அதிகம். பயிர் குட்டையாக இருக்கும்போதும், வெட்டிய அடியிலிருந்து புதுத் துளிர் வரும்போதும், காய்ச்சலில் நின்று வாடியிருக்கும்போதும், யூரியா அள்ளிப் போட்டிருக்கும்போதும் நஞ்சு கூடுதல். இடுப்பளவு உயரம் தாண்டிய பிறகு குறையும், பூத்த பிறகு இன்னும் குறையும்.

இப்போது இதை நமது காலநிலையோடு பொருத்திப் பாருங்கள். ஆடியில் தண்ணீர் இல்லாமல் பயிர் முழங்காலளவில் நின்றுவிடுகிறது. வைக்கோல் தீர்ந்துவிட்டது. மாடு கத்துகிறது. நிற்பதையாவது வெட்டிப் போடுவோம் என்று கை போகும். அல்லது புரட்டாதிக் கடைசியில் ஒரு மழை விழுந்து, வெட்டிவிட்ட அடிக்கட்டையெல்லாம் பச்சைப் பசேலென்று துளிர்த்து நிற்கிறது, மாட்டை அவிழ்த்துவிட்டால் போதும் என்று தோன்றும். இரண்டும் மோசமான நாட்கள். இறுங்கு நமக்கு அதிகம் தேவைப்படுகிற நாளும் அது அதிகம் நஞ்சாக இருக்கிற நாளும் ஒன்றாகவே வருகின்றன.

சயனைட் ஏறிய மாட்டைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. தின்று பதினைந்து இருபது நிமிடத்திலேயே தொடங்கிவிடலாம். மூச்சு இழுத்து இழுத்து வாங்கும், வாயில் நுரையும் எச்சிலும் வழியும், கால்கள் பின்னும், விழுந்த பிறகு உடம்பு வெட்டி இழுக்கும். வாய்க்குள்ளும் கண்ணிமையின் உள்பக்கமும் வெளிறிப் போகாமல், மாறாக நல்ல சிவப்பாக இருக்கும், ஏனென்றால் இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கிறது, உடம்பின் கலங்களால்தான் அதை எடுக்க முடியவில்லை. மிருக வைத்தியர் நேரத்துக்கு வந்தால் சோடியம் நைத்திரைற்றும் சோடியம் தயோசல்பேற்றும் நரம்பில் ஏற்றிக் காப்பாற்றலாம். நேரத்துக்கு வந்தால். வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உள்ளூர்களில், மழைக்கு வீதி மூடிக் கிடக்கிற நாளில், அந்த நேரம் நமக்குக் கிடைக்கும் என்று நம்பிப் பயிர் தெரிவுசெய்யக் கூடாது.

அப்படியென்றால் இறுங்கே வேண்டாமா? உன்னிச்சை, நவகிரி மாதிரி ஒரு குளத்து வாய்க்கால் பக்கத்தில் காணி இருந்து, அல்லது நல்ல கிணறும் மோட்டரும் இருந்து, பூக்கும்வரை வாடாமல் தண்ணீர் கட்ட முடியுமென்றால் போடலாம். பூத்த பிறகு வெட்டி நன்றாகக் காயவைத்தால் சயனைட்டின் பெரும்பகுதி போய்விடும், சைலேஜ் போட்டு, அதாவது நறுக்கிக் காற்றுப் புகாமல் அமுக்கிப் புளிக்கவிட்டு, மூன்று நான்கு கிழமை மூடிவைத்தாலும் குறையும். அரைகுறையாக வாடவைப்பதைக் காயவைத்ததாக எண்ணிவிடக் கூடாது, வாடல் இலைதான் இன்னும் மோசம். மானாவாரியாக மழையை நம்பி இறுங்கு போடுவதென்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். மரவள்ளி இலைக்கும் தோலுக்கும் இதே கதை என்பதால், கிழங்கு கிண்டிய அன்றைக்கே இலையை ஆட்டுக்கு அள்ளிப் போடுகிற பழக்கத்தையும் இந்தச் சாக்கில் விட்டுவிடலாம்.

அடுத்தது கோ-3. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கம்பு, நேப்பியர் கலப்பு. இப்போது இலங்கையில் வெட்டிப் போடுகிற புல் என்றால் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள். கணுத் தண்டு பக்கத்து வீட்டிலேயே கிடைக்கும், காசு இல்லை, வைத்தால் பிடிக்கும், முதல் வெட்டுக்குப் பிறகு நாற்பது, நாற்பத்தைந்து நாளைக்கொரு முறை வெட்டலாம். நஞ்சுக் கணக்கில் இதற்கு ஒரு பெரிய பிளஸ் உண்டு: கம்பு, நேப்பியர் வகையில் இறுங்கு மாதிரி சயனைட் பிரச்சினை இல்லை. இதைக் கேட்டுவிட்டு "அப்ப கோ-3தான்" என்று எழும்பிப் போகிறவர்களுக்காக மிச்சத்தையும் சொல்ல வேண்டும். இதற்கு நைத்திரேற்று என்றும் ஒக்சலேற்று என்றும் இரண்டு வால் இருக்கின்றன.

நைத்திரேற்று நாமே உண்டாக்குகிற நஞ்சு. எங்கள் பக்கம் அநேகமான வீடுகளில் மாட்டுக்கொட்டில் கழுவுகிற தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டி நேரே கோ-3 பாத்திக்குத்தான் விடுகிறார்கள். சாணம், மூத்திரம் எல்லாம் அங்கே. புல் கறுப்புப் பச்சையில் கொழுத்து நிற்கும், பார்க்கச் சந்தோசமாக இருக்கும். வெயில் நன்றாக அடிக்கிற நாளில் புல் தான் உறிஞ்சிய நைத்திரேற்றைப் புரதமாக மாற்றிக்கொள்கிறது. கிழமைக்கணக்கில் மூட்டம் போட்டால், அல்லது காய்ச்சலில் வளர்ச்சி நின்றால், உறிஞ்சியது மாறாமல் தண்டிலேயே தங்கிவிடும். அதை மாடு தின்றால் வயிற்றுக்குள் நைத்திரைற்று என்கிற வேறொரு பொருளாகி இரத்தத்துக்குப் போய், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் ஆகிவிடும். அந்த இரத்தம் சொக்லட் நிறத்தில் இருக்கும். வாய் உள்பக்கம் நீலம் பாய்ந்த மண்ணிறம். இதற்கு மருந்து மெதிலீன் புளூ.

சயனைட்டுக்குக் கொடுக்கிற சோடியம் நைத்திரைற்றை நைத்திரேற்று நஞ்சு ஏறிய மாட்டுக்குக் கொடுத்தால் நிலைமை இன்னும் கெடும். அதனால் வைத்தியருக்கு போன் எடுக்கும்போது மாடு விழுந்துவிட்டது என்று மட்டும் சொல்லாமல், என்ன புல், எவ்வளவு உயரத்தில் நின்றது, எப்போது பசளை போட்டது, வாய்க்குள் என்ன நிறம் என்பதையும் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடத் தகவல் முக்கியம்.

கோ-3 பாத்தியில் செய்யக்கூடிய சில விசயங்கள் கைவசம் இருக்கின்றன, அதனால்தான் இறுங்கை விட இதை மேலாக வைக்கிறேன். நைத்திரேற்று கூடுதலாகத் தங்குவது அடித்தண்டில், இலையில் குறைவு. அடைமழை நாளில் வெட்டினால் அடியிலிருந்து ஒரு சாணுக்கு மேலே வெட்டுங்கள். மறுதுளிர் நன்றாக வர அடியோடு வெட்ட வேண்டும் என்றிருந்தால், வெட்டிய பிறகு அடித்துண்டைத் தனியே நறுக்கி எருக்குழிக்குப் போடுங்கள். இதிலே புல்வெட்டும் மெஷின் ஒரு குழப்படி செய்கிறது. முழுப்புல்லாகப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டு தடித்த தண்டைத் தானே ஒதுக்கிவிடும், பொடியாக நறுக்கித் தவிட்டோடு பிசைந்து கொடுத்தால் அதற்கு ஒதுக்க வழியில்லை, எல்லாம் உள்ளே போகும். மெஷின் வாங்கியவர்கள் அடித்துண்டைக் கழிப்பதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காலையில் வெட்டாமல் பின்னேரம் வெட்டினால் கொஞ்சம் குறையும். காய்ச்சலுக்குப் பிறகு மழை விழுந்தால் ஒரு கிழமை பத்து நாள் பொறுங்கள்.

இன்னொன்று, நான் அடிக்கடி பார்க்கிறது: நாளைக்குப் போடுவதற்கென்று இன்றைக்கே ஒரு லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி நிறைய வெட்டி, மழைக்கு நனையாமல் படங்கால் மூடி இரவு முழுக்க வைத்துவிடுவது. விடிய அந்தக் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், சூடு தெரியும், ஆவி பறக்கும். அந்தச் சூட்டில் நைத்திரேற்று அங்கேயே நைத்திரைற்றாக மாறத் தொடங்கிவிடுகிறது, அது மாட்டுக்குப் பல மடங்கு கடுமை. வெட்டினால் கொட்டிலுக்குள் பரப்பிப் போடுங்கள், அல்லது அன்றன்றைக்கு வெட்டுங்கள். இறுங்கின் சயனைட் காயவைத்தால் போகும், நைத்திரேற்று காயவைத்தால் போகாது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். சைலேஜ் போட்டால் கிட்டத்தட்டப் பாதி குறையும்.

ஒக்சலேற்று மெதுவாக வேலை பார்க்கிற ஆள். புல்லில் இருக்கிற ஒக்சலேற்று கல்சியத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் பழகிவிட்டால் நிறைய ஒக்சலேற்றை உடைத்துவிடும், அதனால் சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. ஆனால் இளசாக நிற்கிற கோ-3யை மட்டுமே மாதக்கணக்கில் போட்டு, தாதுப்பு ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்தால், கன்று போடுகிற நேரத்தில் மாடு எழும்ப முடியாமல் கழுத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவதற்கான வழியைத் திறந்துவைத்த மாதிரிதான். வைக்கோலிலும் ஒக்சலேற்று உண்டு என்பதால் கோ-3யும் வைக்கோலும் மட்டும் என்கிற சாப்பாடு கல்சியத்தை இரண்டு பக்கத்தாலும் இழுக்கும். கல்சியம் சேர்ந்த தாதுக் கலவை கடையில் கிடைக்கிறது, பால் காசில் பார்த்தால் பெரிய செலவில்லை. செற்றேரியா என்கிற புல்லை யாராவது கொண்டுவந்து தந்தால் அதில் ஒக்சலேற்று இன்னும் கூடுதல், பசியோடு நிற்கிற மாட்டுக்குத் திடீரென்று நிறையப் போட்டால் அன்றைக்கே விழலாம். நான் நடமாட்டேன்.

பிரக்கேரியா வகையில் சிக்னல் புல்லைப் பற்றிச் சுருக்கமாக ஒன்றே ஒன்று: ஆடு வைத்திருந்தால் வேண்டாம். இதில் இருக்கிற சப்போனின் என்கிற பொருள் ஈரலைக் கெடுக்கும், ஈரல் கெட்டால் பச்சையத்திலிருந்து வருகிற ஒரு பொருள் வெளியேறாமல் இரத்தத்தில் தங்கி, தோலில் வெயில் படும்போது தோல் வெந்துபோகும். செம்மறிக்கும் ஆட்டுக்கும் கன்றுகளுக்கும் அதிகம் வரும், வளர்ந்த மாடு ஓரளவு தாங்கும். காது தடித்துத் தொங்கிவிடும், முகம் வீங்கும், கண் மஞ்சளாகும், பிராணி நிழலை விட்டு வரமாட்டாது, சில நாளில் வெள்ளைத் தோல் உள்ள இடங்கள் மட்டும் காய்ந்து உரியும். மாட்டில் இது வந்தால், லம்பி ஸ்கின் என்கிற பெரியம்மைக் கட்டி நோய் என்று நினைத்து அலைந்தவர்கள் உண்டு. அதில் உருண்டை உருண்டையாகக் கட்டிகள் உடம்பெல்லாம் வரும், காய்ச்சலும் இருக்கும், கறுப்புத் தோல் வெள்ளைத் தோல் என்று பார்க்காது. வெயில் பட்டு வருகிறது வெள்ளைத் தோலிலும் மயிரில்லாத இடத்திலும் நிற்கும். வேலியோரம் பூத்துக் கிடக்கிற நாயுண்ணியைத் தின்றாலும் இதே மாதிரித்தான் வரும், ஆகவே புல்லைக் குற்றம் சொல்வதற்கு முதல் வேலியையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். பிரக்கேரியா வேண்டும் என்றே நினைக்கிறவர்கள் ருசி வகையைப் பார்க்கலாம், சிக்னலை விடப் பிரச்சினை குறைவு, முற்றாக இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கினிப்புல் இந்தக் கூட்டத்தில் அலுப்பான பிள்ளை, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். ரோட்டோரம், தென்னைக்குக் கீழ், குளக்கட்டு என்று தானாகவே நிற்கிறது. விளைச்சல் கோ-3க்குக் கிட்டவும் வராது. முற்றினால் மாடு முகம் சுளிக்கும். ஆனால் சயனைட் இல்லை, அடைமழையில் கொட்டில் தண்ணீர் விடாமல் வைத்திருந்தால் நைத்திரேற்றுப் பயமும் குறைவு, கொஞ்சம் நிழலிலும் வரும். திருக்கோவில், தம்பிலுவில் பக்கம் மாதிரி தென்னைக்குக் கீழே இடம் வைத்திருக்கிறவர்களுக்கு இதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை.

வேலிக்கு இபில் இபில் போடுவதா சீமைக்கிளுவை போடுவதா என்பதையும் சேர்த்துக் கேட்கிறார்கள். இபில் இபில் இலையில் புரதம் நல்லது, மாடும் ஓடிவந்து தின்னும், ஆனால் மைமோசின் என்கிற நஞ்சு இருக்கிறது. தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வால்மயிர் கொட்டும், மெலியும், கழுத்தில் கழலை வரும். ஹவாய்த் தீவில் ஆடுகள் இதைத் தாராளமாகத் தின்றும் ஒன்றும் ஆகாமல் நிற்பதை றேமண்ட் ஜோன்ஸ் என்கிற அவுஸ்திரேலிய விஞ்ஞானி கவனித்து, அந்த ஆடுகளின் வயிற்றிலிருந்த ஒரு பற்றீரியாதான் காரணம் என்று கண்டு, 1980களில் அதை அவுஸ்திரேலிய மாடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள், வேலை செய்தது, பிறகு அந்தப் பற்றீரியாவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நமது மாட்டின் வயிற்றில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அளவாகப் போடுவதுதான் வழி. சீமைக்கிளுவையின் வாசம் மாட்டுக்கு முதலில் பிடிக்காது, ஒரு பகல் வாடவிட்டுப் போட்டால் பழகிவிடும், அசைபோடுகிற பிராணிகளுக்குப் பெரிய தொந்தரவில்லை. வேலிக்கு நான் சொல்வது சீமைக்கிளுவை, இடையிடையே இபில் இபில்.

புல்லே வேண்டாம், யூரியா வைக்கோல் போதும் என்கிற கட்சியும் உண்டு. அறுவடைக் காலத்தில் வைக்கோல் வயலிலேயே எரிகிற ஊரில் அது நியாயமான யோசனைதான். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியா, தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று கிழமை மூடி, போடுவதற்கு முதல் அமோனியா மணம் போகப் பரத்திவிட்டுக் கொடுப்பது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. ஆபத்து வைக்கோலில் இல்லை, வாளியில் இருக்கிறது: கரைத்துவைத்த யூரியாத் தண்ணீரை யாரும் பார்க்காத நேரத்தில் தாகத்தோடு நின்ற மாடு குடித்துவிடும். வயிறு ஊதி, நடுங்கி, வெகு சீக்கிரம் முடிந்துவிடும். கரைக்கிற இடமும் மாடு நிற்கிற இடமும் வேறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செத்த மாடெல்லாம் புல்லால் செத்தது என்றும் எண்ண வேண்டாம். 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் விழுந்தபோது நஞ்சு, கொள்ளைநோய் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், கடைசியில் காரணம் குளிர். மெலிந்து, நனைந்து, பசித்து நின்ற மாடுகள் தாங்கவில்லை. சந்தேகம் இருந்தால் புதைப்பதற்கு முதல் வைத்தியரைக் கூப்பிட்டு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், தின்ற புல்லிலும் ஒரு கட்டு எடுத்துவையுங்கள்.

சரி, முடிவுக்கு வருவோம். மாடு மட்டும், தண்ணீர் வசதி சுமார் என்றால்: அரை ஏக்கரில் பாதிக்குக் கோ-3, மிச்சத்துக்குக் கினிப்புல், வேலிக்குச் சீமைக்கிளுவை, தாதுக் கலவை கட்டாயம், கொட்டில் தண்ணீரைக் கினிப்புல் பக்கமும் விடாமல் எருக்குழிக்குத் திருப்பிவிடுங்கள், எருவாக மக்கிய பிறகு அளவாகப் போடலாம். ஆடும் இருந்தால் இதே ஏற்பாடுதான், சிக்னல் புல் மட்டும் படலைக்குள் வரக் கூடாது. தண்ணீரும் சைலேஜ் பழக்கமும் இருக்கிறவர்கள் இறுங்கை ஒரு போகத்துக்குப் போடலாம், அதை விடச் சோளன், அதாவது மக்காச்சோளம், போட்டுக் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் சைலேஜுக்கு வெட்டுவது இன்னும் நிம்மதி. சோளனுக்கு நைத்திரேற்றுப் பிரச்சினை உண்டு, ஆனால் சயனைட் பெரிய விசயமில்லை.

காணி பள்ளமாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். படுவான்கரையில் மாரிக்குத் தண்ணீர் நின்று வடிகிற துண்டில் கோ-3 அழுகிப்போகும், அங்கே வைத்துவிட்டுத் தையில் போய்ப் பார்த்தால் வெறும் கட்டைதான் இருக்கும். அந்தத் துண்டுக்கு நீர்ப்புல்லை விட்டுவிட்டு, கோ-3யை மேட்டுத் துண்டில் ஐப்பசி மழை தொடங்குகிறதோடு வையுங்கள், இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி, மூன்றடி இடைவெளியில். பள்ளம் பெருக்கெடுக்கிறதற்கு முதல் வேர் பிடித்துவிடும்.